தேதி இல்லாவிட்டால் எந்த வானம்

வானம் வரவில்லை என்று ஃபோன் வந்தபோது அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. கூப்பிட்டவர் சொன்னது வேறு வானம். கோளரங்கத்தின் குவிந்த கூரையின் உட்பக்கத்தில், விளக்கை அணைத்து விசையைத் தட்டினால் வந்து நிற்க வேண்டிய வானம்.

“பாதை, நான்தாம்மா,” என்றார். அவளை அந்தப் பெயரால் கூப்பிட இப்போது உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

“சொல்லுங்கண்ணே. சாயங்காலம் வர்றேன்னுதான் சொல்லியிருக்கேனே.”

“வருவே. ஷோ இருக்கணும்ல? காலையில இருந்து மிஷின் எந்திரிக்கவே மாட்டேங்குது. ஏதோ லைப்ரரி இல்லைன்னு ஒரே புலம்பல். கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல புதுசா வந்தவர் நேத்து எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டு, தங்கச்சி கல்யாணம்னு லீவுல போயிட்டார்.”

“நீங்க ஒரு ஒட்டுப் போட்டு ஓட்டிட மாட்டீங்களா? அதுக்குத்தானே உங்களுக்கு ஒட்டுன்னு பேரு.”

அந்தப் பக்கம் அவர் சிரிக்கவில்லை. “இன்னைக்கு வேணாம்மா. ஆறு மணிக்கு என் கடைசி ஷோ. நாளையில இருந்து நான் வெளியாள். இத்தனை வருஷம் ஒழுங்கா ஓட்டிட்டுக் கடைசி நாள்ல ஒட்டுப் போட்டு மானம் போகக்கூடாது. முறையாச் செய்யறவ நீதான். அதான் உன்னைக் கூப்பிட்டேன்.”

பாதி துணியை வாளியிலேயே விட்டுவிட்டு அவள் கிளம்பினாள்.

அந்தக் கோளரங்கத்துக்கான கணினி நிரலை இருபது வருடங்களுக்கு முன்பு அவர்கள் இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். அவர் கருவிகளைப் பழுதுபார்க்க வேலைக்கு வந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே நிரல் எழுதப் பழகி, அப்புறம் மைக்கைப் பிடித்து வானத்தைப் பற்றிப் பேசவும் ஆரம்பித்துவிட்டார். எது உடைந்தாலும் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டிவிடுவார் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு ஒட்டு என்று பெயர். அவள் கணினி படித்துவிட்டு வந்தவள், வந்த நாள் முதல் கறார் பேர்வழி. எது ஓடாவிட்டாலும் முதல் கேள்வி, “பாதை என்ன காட்டுது?” என்பதுதான். ஒரு நிரல் தனக்கு வேண்டிய கோப்புகளை எந்தெந்த இடத்தில் போய்த் தேடும் என்பதற்கு அந்தத் தொழிலில் பாதை என்று பெயர். முக்கால்வாசித் தகராறு அங்கேதான் இருக்கும். கேட்டுக் கேட்டு அதுவே அவள் பெயராகிவிட்டது. வீட்டில் வைத்த பெயரைச் சம்பளப் பட்டுவாடா செய்பவர் மட்டும்தான் சொல்லிக் கூப்பிட்டார்.

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு, முகம் மட்டும் பழையது. தலை வெளுத்திருந்தது. அவளும் ஒன்றும் குமரியில்லை. இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் படியிறங்கினார்கள்.

மிஷின் அறை குவிமாடத்துக்கு நேர் கீழே இருந்தது. வட்டச் சுவர், கையைத் தூக்கினால் தட்டும் கூரை. மேலே அரங்கத்தின் நடுவில் நிற்கும் நட்சத்திரக் கருவியின் அடித்தண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கி, கேபிள்கள் சூழ நின்றது. சூடான தூசியின் வாசனை அப்படியே இருந்தது. அவளுடைய சுழல் நாற்காலியும் இருந்தது. உடைந்துபோன சக்கரத்துக்குப் பதிலாக அவர் அன்றைக்குச் செருகிய மரக்கட்டையும் அதில் இருந்தது.

“இன்னுமா இதை மாத்தல?”

“ஆடுதா பாரு. ஆடாதப்போ எதுக்கு மாத்தணும்?”

அவள் உட்கார்ந்தாள். ஆடவில்லை. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் வருகிறாள். இத்தனைக்கும் பத்து நிமிடம் பேருந்தில் வந்தால் போதும். வேலையை விட்டபின் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு ஒரு தடவைகூட இந்தப் படியிறங்கவில்லை. வேறு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆயிரம் காரணம் இருந்தது. வருவதற்குச் சுலபமாக இருந்ததுதான் வராமல் போனதற்கு முக்கியக் காரணம்.

திரையில் செய்தி நின்றுகொண்டிருந்தது. இன்ன லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. எந்த நிரலும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே எழுதிக்கொள்வதில்லை. பொதுவாக யாரோ எழுதி வைத்ததைப் பல நிரல்கள் எடுத்துப் புழங்கும். தெருவுக்கு ஓர் ஏணி இருந்தால் வீட்டுக்கு வீடு ஏணி வாங்குவதில்லை அல்லவா, அந்த மாதிரி. அந்தப் பொதுச் சொத்துக்குத்தான் லைப்ரரி என்று பெயர். இவர்களுடைய வானத்துக்கு வேண்டியிருந்த லைப்ரரி, ஒரு தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு எந்தக் கோள் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். அதன் பெயருக்குப் பின்னால் இரண்டு என்று ஓர் எண் உண்டு. அந்த இரண்டைத்தான் காணோம். அது இருந்த இடத்தில் நான்கு என்ற புதியது உட்கார்ந்திருந்தது.

அவள் கல்யாண வீட்டுக்கு ஃபோன் போட்டாள். பின்னால் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், நான் வேணும்னு எதையும் எடுக்கல,” என்றார் கணினிப் பிரிவுக்காரர். “அப்டேட் முடிஞ்சதும், இந்த லைப்ரரி எல்லாம் இப்ப யாருக்கும் தேவையில்ல, எடுத்துடவான்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன். யாருக்காவது வேணும்னா அது எடுக்க விடாதே மேடம்.”

அவர் சொன்னது சரிதான். அவளாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். ஃபோனை வைத்துவிட்டு, கணினிக்குள் எது வருகிறது, எது போகிறது என்று பார்த்துக்கொள்ளும் பேக்கேஜ் மேனேஜரிடம் தங்கள் நிரலைப் பற்றிக் கேட்டாள். அப்படி ஒரு பேரே கேள்விப்பட்டதில்லை என்றது அது.

மெல்ல நாற்காலியைத் திருப்பினாள். “அண்ணே. நம்ம ப்ரோகிராமை நான் பேக்கேஜ் பண்ணி, இதுகிட்டப் பதிஞ்சு கொடுத்துட்டுப் போனது என்னாச்சு?”

அவர் கேபிள் ஒன்றில் இல்லாத தூசியைத் தட்டினார். “பழைய மிஷின் ஒரு நாள் செத்துப்போச்சும்மா. மறுநாள் காலையில ஸ்கூல் பிள்ளைங்க வர்றாங்க. புது மிஷின்ல உன் பேக்கேஜ் ஏறமாட்டேன்னு அடம். அதான் பழைய டிஸ்க்ல இருந்து நம்ம ப்ரோகிராமை அப்படியே தூக்கி இதுல வச்சேன். லைப்ரரி இதுல ஏற்கெனவே இருந்துச்சு. ஓடுச்சு.”

“மாமியாருக்குத் தெரியாம.”

“மாமியாருக்குத் தெரியாமத்தான். அதுதான் நான் போட்ட கடைசி ஒட்டு. அப்புறம் போட்டதே இல்ல, சத்தியமா.”

பேக்கேஜ் மேனேஜருக்கு மாமியார் என்று பெயர் வைத்ததே அவர்தான். கேட்காமல் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது, கேட்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது, எது யாருடையது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும். அதன் சொல்லைக் கேட்டு நடந்தால் குடும்பம் உருப்படும் என்பது அவள் கட்சி. நமக்கு வேண்டியதை ஒரு மூலையில் தனியாகப் பதுக்கி வைத்துக்கொண்டு, பாதையை அந்த மூலைக்குத் திருப்பிவிட்டால் மாமியார் தயவே வேண்டாம் என்பது அவர் கட்சி. அந்த ஒரு விஷயத்துக்காக இந்த அறையில் அவர்கள் போட்ட சண்டைக்கு அளவில்லை. பிற்பாடு அவளுக்கு வாய்த்த நிஜ மாமியார் பரம சாது. அவரிடம் ஒரு நாள்கூட இப்படி மல்லுக்கு நின்றதில்லை.

இப்போது நடந்தது இதுதான். இந்த நிரல் வீட்டுக்குள் இருப்பதே மாமியாருக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு ஒரு லைப்ரரி வேண்டியிருக்கும் என்று அதற்கு எப்படித் தோன்றும்? யாரும் புழங்காத சாமானைத்தான் தூக்கிப் போட்டோம் என்று நிம்மதியாக இருந்தது அது.

“சரி, பழைய லைப்ரரியை வெளிய இருந்து கொண்டுவந்து ஏத்திடறேன்,” என்றாள். “நீங்க மேல வேலையைப் பாருங்க.”

அவர் போனார். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய இரண்டு எங்கோ ஒரு காப்பகத்தில் கிடைத்தது. ஏற்றப்போனால், நான்கை எடுத்தால்தான் இரண்டு வரும் என்றது. நான்கை எடுத்தால் கருவியின் மோட்டார்களை ஓட்டும் மென்பொருளும் கூடவே போகும் என்றது. இரண்டை எழுதியவர்களின் மூல எழுத்தை எடுத்து இங்கேயே புதிதாகக் கட்டிப் பார்த்தாள். எழுதியதை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் இந்தக் காலத்துக் கம்பைலருக்கு அந்தக் காலத்து எழுத்து பிடிக்கவில்லை. பக்கம் பக்கமாகக் குறை சொன்னது. ஒன்றைச் சரிசெய்தால் அது இன்னொன்றைக் கேட்டது, அந்த இன்னொன்று தன் சித்தப்பா பெரியப்பாவையெல்லாம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது. இரண்டைத் தனி மூலையில் வைப்பதென்றாலும் அந்தக் கூட்டம் மொத்தமும் வேண்டும், அதற்கு ஒரு நாளாவது ஆகும்.

நடுவில் அவர் இரண்டு கோப்பை டீயோடு இறங்கி வந்தார். பழைய வழக்கம். எந்தச் சண்டைக்கு நடுவிலும் டீ மட்டும் வந்துவிடும்.

“ஞாபகம் இருக்கா,” என்றார், கட்டளைகள் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டு. “தொடக்க விழா அன்னைக்கும் நீ இங்கயேதான் உக்காந்திருந்தே.”

மறக்குமா? அன்றைக்கு அந்த நிரல் எப்போது படுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் மேலே பேச வேண்டும், ஒருவர் கீழே கையை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். குரல் அவருக்குத்தான் வாய்த்திருந்தது. ஆகவே அவள் கீழே. மேலே நாற்காலிகள் கிரீச்சிடுவது கேட்டது. அப்புறம் நிசப்தம். அப்புறம் அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் கூரை வழியாக இறங்கி வந்தது. முதல் வானம் வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். முடிந்ததும் அவர் படியில் தடதடவென்று இறங்கி வந்து, மேற்கே வெள்ளியும் வியாழனும் கைகோத்துக்கொண்டு நின்றதைச் சொன்னார், ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. அவள் மட்டும், “எனக்கு எல்லாம் திரையில நம்பரா வந்துச்சுண்ணே,” என்றாள்.

“ஒரு நாள் அந்த வானத்தை உனக்காக மட்டும் போட்டுக் காட்டறேன்,” என்று அன்றைக்குச் சொன்னார். அந்தத் தேதியைத் தட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. எந்த நாளும் செய்யலாம் என்பதால் எந்த நாளும் செய்யவில்லை. அப்புறம் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

“நீங்கதான் போட்டுக் காட்டவே இல்ல,” என்றாள் இப்போது.

“நீதான் மேல ஏறி வரவே இல்ல,” என்றார் அவர். அவள் டீயைக் குடித்தாள்.

“ஒண்ணு மட்டும் சரியா வரணும்மா. இன்னைக்கு ராத்திரி வானம் அப்படியே வரணும். வெளிய போறவங்க தலையைத் தூக்கிப் பாப்பாங்க.”

அதுதான் அவருடைய முத்திரை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேறு கோளரங்கங்களில் வால்நட்சத்திரம் பறக்கும், இசை முழங்கும். இவர் காட்டுவது இன்றைய வானம் மட்டும்தான். கடைசியில் விளக்கைப் போடுமுன் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: ‘நான் சொன்னது பொய்யான்னு வெளிய போய் நிமிந்து பாத்துக்கங்க.’ மாலைக் காட்சி விட்டால் அத்தனை பேரும் வாசல் படியில் நின்று கழுத்தை வளைப்பார்கள். ஒரு நாளும் அவர் சொல் தப்பியதில்லை. பதவி உயர்வுக்கெல்லாம் அலட்டிக்கொள்ளாத மனிதருக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொள்ளைப் பெருமை.

“வரும்ணே,” என்றாள்.

ஆனால் வரும் வழியைக் காணோம். மேலே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். காலடிச் சத்தம் கூரையில் கூடிக்கொண்டே போனது. யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். கம்பைலர் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் திரையையே வெறித்தாள். 

ஒரு வழி இருந்தது. அவள் வந்த உடனேயே தெரிந்த வழிதான். நெருங்கவிடாமல் வைத்திருந்தாள். இரண்டு என்ற பெயரில் வெறும் பெயர்ப்பலகை ஒன்றை மாட்டி, அதைத் தேடி வரும் நிரலைச் சத்தமில்லாமல் நான்கின் வாசலுக்கு அனுப்பிவிடுவது. ஒரு வரிக் கட்டளை. சில சமயம் ஓடும். எண் மாறியிருக்கிறது என்றால் உள்ளே பழக்கவழக்கமும் மாறியிருக்கும் என்பதுதான் அந்த எண்ணுக்கே அர்த்தம் என்று இதே அறையில் அவள் எத்தனை தடவை கத்தியிருப்பாள். கேட்பதை ஒரு மாதிரி கேட்டு, வாங்குவதை வேறு மாதிரி வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் தப்பாக ஓடும் நிரலைவிட ஓடாத நிரல் எவ்வளவோ மேல் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும், நாளைக்கு முறையாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். அது வார்த்தைக்கு வார்த்தை அவர் சொல்லும் சமாதானம். அவளுக்கே அது உறைத்தது. உறைத்தும் அந்த வரியைத் தட்டினாள்.

நிரல் எழுந்தது. அடித்தண்டு முனகியது. மேலே கோள்களின் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. விளக்குகள் சரி, எல்லாம் சரி என்றது திரை. விளக்கை அணைத்து ஒரு தேதியைக் கொடுத்து முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அரங்கம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது?

அவர் படியில் தலையை நீட்டினார். “சத்தம் கேட்டுச்சு. ஆச்சா?”

“ஆச்சு.”

“முறையாவா?”

“நேரமாச்சுண்ணே, நீங்க போங்க,” என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே.

அவர் முகம் மலர்ந்துபோய்விட்டது. “நீ மேல வாயேன். இன்னைக்காவது.”

“இங்க இருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா?”

அவர் வற்புறுத்தவில்லை. சட்டையை நீவிவிட்டுக்கொண்டு ஏறிப் போனார். முறையாக இல்லை என்று சொல்லாமல் விட்டதும் பொய்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மேலே நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள், கைதட்டினார்கள். அப்புறம் அவர் குரல், நிதானமாக, சூரியனை மேற்கே இறக்கியது. “இப்ப இன்னைக்கு வானம்,” என்றது. மேடையிலிருந்த கட்டுப்பாட்டுப் பலகையில் அவர் இன்றைய தேதியைத் தட்டுவது கீழே திரையில் தெரிந்தது. அதற்குக் கீழே உடனே ஒரு வரி வந்தது.

‘தேதி புரியவில்லை. முதல் வானம் காட்டப்படுகிறது.’

அவள் அந்த வரியை வெறித்துப் பார்த்தாள். அதை எழுதியதே அவள்தான். எழுதியதை மறந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அது அவர்கள் போட்ட சண்டைகளிலேயே பெரிய சண்டை. லைப்ரரிக்குத் தேதி புரியாமல் போனால் நிரல் என்ன செய்ய வேண்டும்? நிற்க வேண்டும் என்றாள் அவள். தப்பான வானத்தைக் காட்டுவதற்கு இருட்டே மேல். ‘அவ்வளவு பேர் இருட்டுல உக்காந்து கூரையப் பாத்துட்டுப் போவாங்களா? ஏதோ ஒரு நல்ல வானம் வரட்டுமே,’ என்றார் அவர். கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். தேதி இல்லாவிட்டால் எந்த வானம் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவேயில்லை, தொடக்க விழா நாளைச் சொன்னார். லைப்ரரியைக் கேட்காமலே காட்டும்படி, அன்றைய கோள்களின் இடங்களை அவள் நிரலிலேயே எழுதி வைத்தாள். கூடவே கீழே திரையில் ஓர் எச்சரிக்கை வரவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்து அந்த வரியைச் சேர்த்தாள். ஒரு நாளும் அது தேவைப்படவில்லை.

தேதி கொடுக்கும் முறையைத்தான் நான்கில் மாற்றியிருக்கிறார்கள். இவர்கள் பழைய மாதிரி கொடுக்க, அது புரியாமல் திருதிருவென்று விழித்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் மேலே இப்போது கூரையில் நிற்பது இன்றைய வானம் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் அத்தனை பேரும் வெளியே போய் நிமிர்ந்து பார்ப்பார்கள். கடைசி நாளில், தெரியாமல், அவர் வாயால் முதல் பொய்யைச் சொல்ல வைத்துவிட்டாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். சுழல்படியில் முழங்கால் இடித்தது. கதவைத் திறந்து இருட்டுக்குள் தடவித் தடவி நடந்து, சின்னச் சிவப்பு விளக்கு எரியும் மேடைப் பலகையருகே போய் நின்றாள். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாரோ, அரங்கத்தில் யாரோ இருமினார்கள்.

“அண்ணே,” என்றாள் கிசுகிசுப்பாக. “ஒட்டுப் போட்டுட்டேன். தேதி உள்ள போகல. பொய் சொல்லிட்டேன் உங்ககிட்ட. நிறுத்திடவா?”

அவர் திரும்பிப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள்.

“நீயா ஒட்டுப் போட்டே?”

“ஆமா.”

“வந்து நிக்கறது எந்த வானம்னு தெரியுதா?”

 தலையை ஆட்டினாள்.

“அப்ப உக்காரு,” என்றார். பக்கத்தில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். தலையைப் பின்னால் சாய்த்தாள்.

அவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். “இன்னைக்கு ராத்திரி வானத்தைக் காட்டறேன்னு சொன்னேன். இது அது இல்ல,” என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. “மேற்கே பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெளிச்சம். பெருசு வெள்ளி. அதை ஒட்டி நிக்கறது வியாழன். இது இந்த அரங்கத்தைத் திறந்த அன்னைக்குச் சாயங்காலம் இருந்த வானம். நாங்க ரெண்டு பேர் சேந்து கொண்டுவந்த முதல் வானம். நான் மேல நின்னு பேசிட்டேன், கைதட்டும் வாங்கிட்டேன். இன்னொருத்தங்க கீழ மிஷினைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவங்க இதைப் பாக்கவே இல்ல. இப்பதான் முதல் தடவையாப் பாக்கறாங்க. அதனால இன்னைக்கு உங்க எல்லாருக்கும் இந்த வானம்தான். மன்னிச்சுக்கங்க.”

சொல்லிவிட்டு மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தையும் அணைத்தார். நட்சத்திரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்தன. அரங்கம் முழுக்க மூச்சை இழுத்தது. அந்தச் சத்தத்தைக் கூரைக்குக் கீழே இருந்து கேட்டவள் இப்போது அதற்கு நடுவில் இருந்தாள். தானும் மூச்சை இழுத்துக்கொண்டாள். எண்ணாகப் பார்த்தது அத்தனையும் அங்கே வெளிச்சமாக இருந்தது. அவளுக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்றைக்கு எங்கே தடுமாறினார், எந்த நட்சத்திரத்தின் பெயரை மாற்றிச் சொன்னார், எழுந்து நின்ற கிழவர் எந்த இடத்தில் எழுந்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளி இறங்கியது, அதன் பின்னாலேயே வியாழனும். அவள் அந்த இரண்டும் மறையும்வரை மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிக்கும் நேரம் வந்தது. அவருடைய வாக்கியத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

“வெளிய போய் இதைத் தேடாதீங்க,” என்றார். “இருக்காது.”

விளக்கு வந்தது. கைகுலுக்கல், புகைப்படம், பொன்னாடை எல்லாம் முடிய வெகுநேரம் ஆயிற்று. அவள் அதற்குள் கீழே போய் அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றினாள். நிரல் பழையபடி, லைப்ரரி இல்லை என்று சொல்லிவிட்டு நின்றது. நாளைக்கு வந்து பழைய இரண்டை நிரலின் பக்கத்திலேயே தனி மூலையில் வைத்து, பாதையை அந்த மூலைக்குத் திருப்பி, அந்த மூலையையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக்கி மாமியாரிடம் முறைப்படி ஒப்படைத்துவிட வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டாள். பாதி அவர் கட்சி, பாதி அவள் கட்சி. இருபது வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம். அப்போது விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வந்தது?

வெளியே வந்தபோது அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். நன்றாக இருட்டியிருந்தது. தேடாதீர்கள் என்று சொல்லியும் கூட்டம் கேட்கவில்லை. பாதிப் பேர் இன்னும் போகாமல் மேற்கே பார்த்துக் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தாள். கட்டடங்களுக்கு மேலே வெள்ளியும் இல்லை, வியாழனும் இல்லை, வெறும் இருட்டு.

“மானம் போயிடுச்சாண்ணே?” என்றாள்.

“ஏன் போகணும்?” என்றார் அவர், மேற்கிலிருந்து கண்ணை எடுக்காமல். “இருக்காதுன்னு சொன்னேன். இருக்கா பாரு.”